நெய்யாற்றின்கரைக் கேமரா

"கேரளாவுல ஒரு ஃபைன் நிக்குதே, பாய். ஓவர் ஸ்பீடு."

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார் ஐயம்பெருமாள். ஆர்டிஓ அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, வண்டிக் காகிதங்கள் முடித்துக் கொடுப்பவர்.

இர்ஷாத்துக்கு எரிச்சல் தலைக்கேறியது. வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி காலையிலேயே மைசூருக்குக் கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை அங்கே புது வேலை. காரை அந்த ஊர்ப் பதிவுக்கு மாற்ற இங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அபராதம் நிற்கிற வண்டிக்கு அதைத் தரமாட்டார்கள்.

கார் அவன் மனைவி கமர் நிஷாவின் பெயரில் இருந்தது. அவளுடைய வாப்பா வாங்கித் தந்தது. அவள் போனுக்கு வரும் ஓடிபி இல்லாமல் ஒரு வேலையும் நகராது.

அதற்காக மட்டும்தான் அவள் வந்திருந்தாள். கடை வாசல் ஸ்டூலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு பை. இங்கிருந்து நேரே ஏர்வாடிக்குப் பஸ் ஏறி உம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

மைசூருக்கு வரமாட்டாள்.

வாப்பா மவுத்தாகி, அடக்கம் முடிந்து எட்டு மாதம். நெஞ்சு வலி என்று விடியுமுன் ஏர்வாடியிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனது இர்ஷாத்துதான். பின் சீட்டில் வாப்பாவோடு நிஷா. "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தால்" என்று டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷம் இவர்கள் வீட்டில் வந்து குடியேறிவிட்டது.

"புதுக் காருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு உருட்டிக்கிட்டே போனீங்க." அவள் சொன்னது இந்த ஒன்றுதான். அப்புறம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

பறந்தேன் என்று அவன் அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னான். அவன் நினைவில் அது பறந்ததுதான். ஸ்டியரிங்கில் கை வேர்த்து வழுக்கியது இப்போதும் கனவில் வரும். ஆனால் அவளைத் தவிர சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

"என்னைக்கு உள்ளது அண்ணாச்சி?" சும்மாதான் கேட்டான்.

ஐயம்பெருமாள் தேதியைச் சொன்னார்.

வாப்பாவைக் கொண்டுபோன அதே நாள். துக்க வீட்டில் யாரும் பார்க்காமல் போன குறுஞ்செய்தியாக இருக்கும். அபராதம் என்று கேட்டு வயிற்றில் பால் வார்த்தது போல நின்றவன் திருநெல்வேலிச் சீமையிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"ஓவர் ஸ்பீடுன்னுதானே போட்டிருக்கு? சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொன்னார்.

நிஷா திரும்பினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். எழுந்து வந்து ஐயம்பெருமாளின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பையை இன்றைக்கே காரில் ஏற்றிவிடலாம் என்று இர்ஷாத்துக்குப் பேராசை வந்தது. யா அல்லாஹ், சீக்கிரம் திற, சீக்கிரம் திற என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

அபராதச் சீட்டின் பக்கம் திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது.

இடம், நெய்யாற்றின்கரை. நேரம், காலை 6.22. அனுமதித்த வேகம், ஐம்பது.

வண்டி வந்த வேகம், ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு. ஆள் இல்லாத ரோட்டில் டவுன் பஸ்கூட அதைவிட வேகமாகப் போகும்.

அவன் நிஷாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை. அவள் சொன்னதுதான் உண்மை. எட்டு மாதமாக அல்லாஹ் மேல் ஆணையிட்டு அவன் சொன்னது பொய்.

"கட்டிருங்க அண்ணாச்சி."

பணம் கட்டும் இடத்தைத் தேடி அவர் பக்கத்தை இறக்கியபோது, அடியில் புகைப்படம் வந்தது.

முன் கண்ணாடிக்குள் இர்ஷாத்தின் முகம். அவன் இடது தோளில் ஒரு கை. பின் சீட்டிலிருந்து நீண்டு, சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுக்கிற கை. மணிக்கட்டில் நீலக்கல் வளையல் இரண்டு.

அதே வளையல் இரண்டும் இப்போது அந்த நாற்காலி முதுகின் மேல் இருந்தன.

ஐயம்பெருமாள் பணம் கட்டும் பொத்தானைத் தட்டினார். நிஷாவின் போன் ஒலித்தது. "ஓடிபி வந்திருக்கும், நம்பரச் சொல்லும்மா," என்றார் ஐயம்பெருமாள்.

அவள் போனைப் பார்க்கவில்லை. "குலுங்குத போதெல்லாம் வாப்பா முனங்குனாக," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "நாந்தான் பைய போங்க, மெதுவா போங்கன்னு…"

இர்ஷாத்துக்கும் அப்போதுதான் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வழி நெடுகக் காதில் விழுந்த குரல். அவன் வேண்டியது இந்தச் சாட்சியை அல்ல.

நாற்காலி முதுகில் இருந்த கையை அவள் மெதுவாக எடுத்து, வளையலோடு புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள்.