முதல் ஆப்பிள் பஜ்ஜி

காலையில் பறித்த ஆப்பிள்களைத் தெய்வானை வட்ட வட்டமாக நறுக்கி வைத்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு துளி மாவை மட்டும் வாணலியில் விட்டாள். துளி அடியில் போய், சட்டென்று மேலே வந்து உப்பியது. அவள் அதை எடுக்கவில்லை.

மாவில் தோய்ந்த ஆப்பிள் துண்டுகள் முதல் ஈடாக நடுங்கிக்கொண்டே இறங்கின.

"பயப்படாதீங்க. இங்க முதல்ல இறங்கின ஆப்பிள் பஜ்ஜியே நான்தான்," என்றது துளி.

"உங்களுக்குள்ள ஆப்பிள் இருக்காண்ணே?" என்று ஒரு துண்டு கேட்டது.

"அனுபவம் இருக்கு தம்பி."

ஜல்லிக்கரண்டி துண்டுகளை அள்ளிக்கொண்டு போனது. துளி அதன் ஓட்டை வழியாக நழுவி எண்ணெயிலேயே விழுந்தது.

இரண்டாம் ஈட்டுக்கும் அதையே சொன்னது, அப்போது பழுப்பாகியிருந்தது. கடைசி ஈட்டுக்குச் சொன்னபோது கறுத்துவிட்டது.

"அண்ணே, நீங்க மேல வரலையா?" என்றது கடைசித் துண்டு.

"நான் போயிட்டா இங்க யாரு பாத்துக்கறது?" என்று துளி அதன் முதுகில் தட்டிக் கொடுத்தது. தட்டிய துளி அப்படியே அதில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பஜ்ஜி தெய்வானையின் பங்குக்கு வந்தது. கறுப்பை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு ஒரு கடி கடித்தாள்.

"ஆப்பிள் பஜ்ஜின்னா இதுதான்," என்றாள்.