கடைசிக் காட்சிக்கான குரல்

காதல் படங்களில் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுப்பது ரெஜினாவின் தொழில். நடிகை மாறுவாள், ஊர் மாறும். முதலில் சந்திப்பு, இடைவேளையில் பிரிவு, கடைசியில் திரும்பி வருவது என்ற மூன்று மட்டும் மாறவே மாறாது. இந்தப் படத்திலும் சந்திப்பின் வெட்கம் முதல் டேக்கிலேயே சரியாக வந்தது. பிரிவுச் சண்டைக்கு அவள் போட்ட சத்தத்தில், டப்பிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் தாமோதரன் கட்டைவிரலை உயர்த்தினார். இழுத்தடித்தது கடைசிக் காட்சிதான். வாசலில் வந்து நிற்பவளைப் பார்த்து நாயகன் “வந்துட்டியா?” என்பான். இவள் “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

“மேடம், அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடறீங்க. ஸ்க்ரீன்ல அந்தப் பொண்ணு இன்னும் வாயே திறக்கல.”

“சாரி சார், இன்னொண்ணு போயிடலாம்.”

மறுபடியும் முந்தினாள். அதற்கடுத்த டேக்கிலும் முந்தினாள். ஒருவழியாக உதட்டோடு குரல் பொருந்தியது.

“முடிஞ்சுது மேடம், வீட்டுக்குக் கிளம்புங்க.”

ரெஜினா கைப்பையைத் துழாவி, காலையில் தானே பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியை எடுத்துக்கொண்டாள். ஹெட்போனை மட்டும் கழற்றவில்லை.

“சார், அவர் ‘வந்துட்டியா’ன்னு கேக்கறத மட்டும் இன்னொரு தடவை போடுங்களேன்.”