எஞ்சின் திரும்பும் ஊர்

ஜங்ஷனில் ரயில் நின்றதும் அகஸ்டா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மூடி என்ன பயன்? அவளுடைய தனிப் பெட்டியின் கதவைத் தட்டாமல் திறக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். தண்டவாளம், எஞ்சின், இந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர், அவளைப் பெற்ற எலிஹூ ப்ராக்வே.

வண்டி கிளம்பியது. உள்ளே வந்த எலிஹூ தொப்பியைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தார். "டகோட்டால மூணு மாசம் குடியிருந்தா விவாகரத்து குடுத்துருவாங்கன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நியூயார்க்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா."

"இங்கிலாந்துப் பிரபு. தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சேன். அவருக்கு என்ன குறைச்சல்?"

"அவரு கோட்டைக்குக் கூரை ஒழுகிச்சு. நம்ம காசுல கூரை போட்டாரு. போட்டு முடிச்ச அன்னிலேருந்து எங்கிட்டப் பேச்சே கிடையாது. சாப்பாட்டு மேசைல அவரு பக்கத்து நாற்காலி நாய்க்கு. நான் திரும்பிப் போக மாட்டேன்."

எலிஹூ மசியவில்லை. கல்யாணம் என்பது அவரைப் பொறுத்தவரை இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற வேலை. "உங்கம்மாவை நான் ஒரு பாலத்துக்காகக் கட்டினேன். இன்னிக்கும் பாலம் அவ பேர்லதான் இருக்கு. உன் அண்ணன் நிலக்கரிக்காகக் கட்டினான். நாங்க யாராவது பெட்டியைத் தூக்கிட்டு ஓடினோமா?"

"அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

"அவ வாயில்லாப் பூச்சி. முட்டி வலிக்கு வெந்நீர் ஊத்துல குளிக்கறேன்னு ஜூலைல போனவ, அக்டோபர் ஆயிடுச்சு, இன்னும் வரலை. கொளுத்தற வெயில்ல கம்பளிக் கோட்டைத் தூக்கிட்டுப் போனா. உடம்பு அவ்வளவு மோசம், பாவம். நீ கோர்ட்டுப் படி ஏறினது தெரிஞ்சா உயிரையே விட்டுருவா."

அகஸ்டா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரபுவை உதறிவிடலாம், அப்பாவோடு மல்லுக்கட்டலாம். அம்மாவை நினைத்தால்தான் மனசு ஆட்டம் கண்டது.

எலிஹூ கார்டைக் கூப்பிட்டார். "வண்டியைத் திருப்பச் சொல்லு."

கார்டு தலையைச் சொறிந்தார். "இந்தப் பாதைல எங்கயும் எஞ்சினைத் திருப்ப முடியாதுங்க. வீண் செலவுன்னு நீங்கதான் வேணாம்னுட்டீங்க. டகோட்டால சூ ஃபால்ஸ் போய்த்தான் திருப்பணும்."

அழுகைக்கு நடுவிலும் அகஸ்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளை மீட்க வந்த கோடீஸ்வரர், சொந்தக் கஞ்சத்தனத்தால் அவள் போக நினைத்த ஊருக்கே அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எஞ்சினைத் திருப்பும் வரை ஏதாவது சாப்பிடலாம் என்று ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். கூடத்தில் பட்டும் வைரமுமாக ஏழெட்டுச் சீமாட்டிகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் எலிஹூ வீட்டு விருந்தில் வந்து சாப்பிட்டவர்கள். அவரைப் பார்த்ததும் சீட்டுக் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"பாத்தியா, எல்லாம் விவாகரத்துக்குக் காத்திருக்கற கூட்டம். நாளைக்கு உனக்கும் இதே கதிதான். சாப்பிட்டுட்டு நேரா வண்டில ஏறு" என்றார் எலிஹூ.

அப்போது மாடிப்படியில் ஒரு பெண்மணி இறங்கி வந்தாள். பின்னாலேயே தோல்பையோடு ஓர் ஒல்லி மனிதர். அகஸ்டா உடனே அடையாளம் கண்டாள். வந்தது அம்மா. ஒருத்தரையே சமாளிக்க முடியவில்லை, இப்போது இரண்டு பேர். இனிமேல் தப்ப வழியில்லை, அந்தக் கூரைக்கு அடியில்தான் ஆயுள் முழுக்க.

எலிஹூவுக்கு முகமெல்லாம் பல். "முட்டி வலியையும் பாக்காம, உன்னைத் தடுக்க உங்கம்மாவே ஓடி வந்துட்டா. ஹெஸ்டர், இவளுக்கு நீயே புத்தி சொல்லு."

ஹெஸ்டர் மகளின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். கணவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒல்லி மனிதர் பக்கம் திரும்பினாள்.

"வக்கீல் சார், நோட்டீஸை நியூயார்க்குக்கு அனுப்ப வேண்டாம். ஆளே வந்துட்டாரு."