டைகரைப் பார்க்க வந்தவள்

“ஏண்ணே, பெத்த மகளைத்தான் வேணாம்னுட்டிய. அவ வளத்த பிராணியையாவது குடுத்துத் தொலைங்களேன்!”

பக்கத்து வீட்டு மாடத்தி இன்று விடுவதாக இல்லை.

பால்ச்சாமி காதில் விழாத மாதிரி வாழைப்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

மகள் கல்பனா கண்ணாடிப் பெட்டி முன்னால் குந்தியிருந்தாள். உள்ளே டைகர். நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் அவள் ஆசைப்பட்டு வளர்த்தது ஒரு முழ நீள அரணை. வெளிநாட்டு ஜாதி. நாக்கு மட்டும் மை குடித்த மாதிரி நீலம். வந்த புதிதில் அதை விளக்குமாற்றால் அடிக்கப் போனவர்தான் பால்ச்சாமி.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் சீவில்லிபுத்தூர் போய் எட்டு மாசம். அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசுவதில்லை. ஞாயிறு தவறாமல் அவள் வருவாள். அவர் பேசுவதெல்லாம் அரணையிடம்தான்.

“ஏலே டைகரு, உன்னையப் பாக்க ஆள் வந்திருக்கு. சாப்பிட்டாச்சான்னு கேளு.”

“சாப்பிட்டேன்னு சொல்லு டைகரு.”

அவ்வளவுதான். அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

“அந்தப் பையன் அங்க இதுக்குப் பெட்டியெல்லாம் செஞ்சு வச்சிருக்கானாம்,” என்றாள் மாடத்தி. “புள்ள வாராவாரம் வந்து அலையுது. மனசா கல்லாண்ணே அது?”

பால்ச்சாமி சட்டென்று எழுந்தார். பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தார்.

“கொண்டுபோகச் சொல்லு!”



கல்பனா எழுந்து பெட்டியிடம் போனாள். அப்பா தரமாட்டேங்காரு என்றுதான் புருஷனிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டைகரைக் கொண்டுபோய்விட்டால் அடுத்த ஞாயிறு எதைச் சொல்லி இந்த வீட்டுக்கு வருவது?

“வேணாம் டைகரு... சீவில்லிபுத்தூர் வெயிலு உனக்கு ஆகாது.”

மாடத்தி வாயைப் பிளந்தாள். “ஏட்டி, பஸ்ஸுல அரை மணி நேரம். அங்க என்ன தனிச் சூரியனா இருக்கு?”

பால்ச்சாமி பெட்டியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு திரும்பி, மகள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“ஆமாத்தா. அந்த ஊரு வெயிலு இதுக்கு ஆகவே ஆகாது. மாப்பிள்ளையையும் ஒரு எட்டு இங்கயே வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு.”