தண்ணி லாரி முன்னால் போகிறது

“அடுத்தது உன் ஊர்தானே, தண்ணி லாரி? போ, போய் அப்பாவைப் பாரு” என்று கேப்டன் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

நூற்றுச் சொச்சம் சைக்கிள்கள் எனக்காக வேகத்தைக் குறைத்தன.

சைக்கிள் பந்தயத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பாதை ஒருவனுடைய சொந்த ஊருக்குள் நுழைகிறதென்றால், அவனைக் கொஞ்சம் முன்னால் போக விடுவார்கள். தெருவில் நிற்கிற சொந்தபந்தத்தைக் கட்டிப்பிடித்துவிட்டு, கூட்டம் வந்ததும் அவன் கலந்துகொள்ள வேண்டும். அந்தச் சலுகையை வைத்து ஜெயிக்கப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவன் மனுஷனே இல்லை.

தண்ணி லாரி என்பது நான்தான். பின்னால் வரும் எங்கள் அணியின் காரிலிருந்து பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, முன்னால் போகிற கேப்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இந்த வேலை பார்க்கிறவன் எந்தக் காலத்தில் முதலில் வந்திருக்கிறான்?

ஆனாலும் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் அப்பா போனில் கேட்பார், எத்தனாவது என்று. நடுவில் என்பேன். மேல் நடுவா, கீழ் நடுவா என்பார்.

காலையிலிருந்து சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் கல் மதிலும் மணிக்கூண்டுமாக ஒரு பழைய ஊர். காரில் வருகிறவர்கள் இறங்கி நின்று, அடடா என்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு அதெல்லாம் ஏற்றம், அவ்வளவுதான். அந்த ஏற்றங்களில் ஒன்று என் ஊர்.

அப்பாவுக்கு நுரையீரல் போய்விட்டது. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனுஷன் கட்டிலோடு கிடந்தார். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொன்னதை அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள். லீவு கேட்டேன். பந்தயம் முடியட்டும் என்றார் மேலாளர். தினம் ஒரு பாதையாகப் பல நாள் ஓடுகிற பந்தயம், முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அதனால் நானே ஒரு முடிவு எடுத்திருந்தேன். ஊரில் இறங்கினால் இறங்கியதுதான். சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவது. பாதியில் இறங்குகிறவனை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

மதில் வாசல் கண்ணில் பட்டதுமே ஹெல்மெட் பட்டியைக் கழற்றிவிட்டேன். இனி அது எதற்கு? பட்டி கன்னத்தில் அடித்துக்கொண்டே வந்தது.

உள்ளே கல் பாவிய குறுகலான தெரு. இரண்டு பக்கமும் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். திருப்பத்தில் எங்கள் தையல் கடை. கடைக்கு வெளியே நாற்காலி போட்டு, போர்வை சுற்றி, அக்கா அப்பாவை உட்கார வைத்திருந்தாள்.

அப்பா பாதியாகிவிட்டிருந்தார். அவரே தைத்துக்கொண்ட சட்டைதான், உள்ளே ஆளைத்தான் காணோம்.

பிரேக்கைப் பிடித்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தே விட்டார்.

“டேய், நிக்காதடா! நீதான்டா மொதல்ல வர்ற! பின்னால ஒருத்தனும் இல்ல. போ, போ!”

ஐயோ, அப்பா! எல்லாரும் எனக்காகத்தான் மெதுவாக வருகிறார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? அவருடைய மகன் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலில் வருகிறான். நான் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் கூட்டம் வந்துவிடும், அவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். தள்ளுகிற அளவுக்கு அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் போனேன்.

ஊரைத் தாண்டி, இறக்கத்தில், வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தேன்.

சலுகையை வைத்து ஓடப் பார்க்கிறான் என்று மொத்தக் கூட்டமும் துரத்திக்கொண்டு வந்து என்னைப் பிடித்தது. வெட்கமாக இல்லையா என்று கேட்டான் கேப்டன். பாட்டிலை நீட்டினேன். வாங்கி ஓரமாக விட்டெறிந்தான்.

அன்றைக்கு நான்தான் கடைசி.

அணியின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அக்கா கூப்பிட்டாள். அப்பா போய்விட்டார். என்னை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழவே இல்லையாம்.

அழுது முடித்துவிட்டு, நான் ஜெயிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாவது போனாரே என்றேன். அக்கா குறுக்கிட்டாள்.

“அவருக்கா தெரியாது? அந்த வழக்கத்தையே எனக்குச் சொன்னது அவர்தான்டா. நீ போனதும், ‘பட்டியக் கழட்டிட்டு வந்தான் பாத்தியா? இறங்கியிருந்தா திரும்ப ஏறியிருக்க மாட்டான். நல்லவேளை, பையன் வேலை தப்பிச்சுது’ன்னாரு. அதுதான் கடைசியாப் பேசினது.”

அடுத்த வருஷம் அணியில் எனக்கு இடமில்லை என்று அன்றைக்குக் காலையில் காபி குடிக்கும்போதே மேலாளர் சொல்லியிருந்தார்.

அப்பாவிடம் அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.