ஜோடி மாற மாட்டோம்

"ஜோடியை மாத்தச் சொன்னா மாத்தணும்மா. டாங்கோ டான்ஸ் கிளாஸ்ல அதுதான் முறை" என்றார் மாஸ்டர்.

"அதெல்லாம் முடியாது. நான் இவரோடதான் ஆடுவேன்" என்றாள் தையல்காரம்மா, கணவரின் கையை விடாமல்.

"அப்ப வேற பள்ளி பாருங்க."

பாதிப் பாட்டுகூட முடியவில்லை. வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கடைவீதி, அருங்காட்சியகம் என்று அலைய, இந்த அம்மாள் மட்டும் கணவரைக் கூட்டிக்கொண்டு டாங்கோ பள்ளிகளாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் மொட்டை மாடியில் இரண்டு வருஷம் பழகியாயிற்று. நல்ல மரத்தரையில், நாலு ஜோடிகளுக்கு நடுவே, ஒரு பாட்டை முழுசாக ஆடிவிட வேண்டும். கணவரின் ஆசை அது ஒன்றுதான். நாளைக் காலையில் விமானம்.

பொழுதுபோகாமல் கூடவே வந்த, ஹோட்டலில் பக்கத்து அறைக்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன்க்கா, இந்த வயசுல உங்க வீட்டுக்காரரை எவ கொத்திக்கிட்டுப் போகப்போறா? தலையில எண்ணி நாலு முடிதான் இருக்கு!"

"நாலுன்னாலும் அது என் முடி."

"அடேயப்பா! ஒருத்தி ரெண்டு நிமிஷம் கை பிடிச்சா கரைஞ்சா போயிடுவாரு? இவ்ளோ சந்தேகமா?"

"அப்படியே வெச்சுக்க."

கணவர் எதையும் கண்டுகொள்ளாமல் கடை ஜன்னலில் செருப்பு பார்த்துக்கொண்டே நடந்தார். வாயில்லாப் பூச்சி என்று அறைக்காரி நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது பள்ளி மூன்றாம் மாடியில். மூச்சு வாங்க ஏறி, ஷூ மாற்றி, ஆடத் தொடங்கியதும் அங்கேயும் மாஸ்டர் கைதட்டினார். எல்லாரும் ஜோடி மாறினார்கள். இவர்கள் மாறவில்லை.

"ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க, விட்டுடறேன்" என்று தன்மையாகத்தான் கேட்டார் அவர்.

"காரணமெல்லாம் சொல்றதுக்கில்லை."

"அப்ப மன்னிச்சுக்கங்க."

தெருவுக்கு வந்ததும் கணவர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். "போதும்மா, ரூமுக்குப் போயிடலாம். உனக்குத்தான் வீண் கெட்ட பேரு. காரணத்தைச் சொல்லித்தான் இடம் வாங்கணும்னா எனக்கு அந்த ஆட்டமே வேணாம்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு நேரமில்லை.

"சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு பள்ளி இருக்கு, வாங்க."

மூன்றாவது பள்ளி ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. டீச்சரம்மா விஷயத்தைக் கேட்டதுமே தலையை ஆட்டினாள்.

"இங்கயும் அதே சட்டம்தான்."

"டீச்சர், ஒரே ஒரு பாட்டு முழுசா ஆட விடுங்க. ஒரு அடி தாளம் தப்பினாலும் நாங்களே வெளியே போயிடறோம்."

டீச்சரம்மா இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "சொன்ன சொல் மாற மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பாட்டு தொடங்கியது. பொல்லாத பாட்டு. ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றது. நின்றது என்று நினைக்கும்போது மறுபடி ஓடியது. மற்ற ஜோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். தையல்காரம்மா மனைவிக்குரிய உரிமையோடு கணவரின் முதுகில் கை வைத்திருந்தாள். அவர் கால்கள் பாட்டு நின்ற இடத்தில் நின்று, ஓடிய இடத்தில் ஓடின. ஓர் அடிகூடப் பிசகவில்லை. கிண்டல் செய்துகொண்டிருந்த அறைக்காரி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

கடைசி அடியில் பாட்டும் அவரும் சேர்ந்தே நின்றார்கள். கூடம் முழுக்கக் கைதட்டல்.

டீச்சரம்மா ஓடி வந்தாள். "இருபது வருஷமா சொல்லிக்கொடுக்கறேன். பாட்டை இப்படிக் கேட்டு ஆடற ஆளை நான் பார்த்ததே இல்லை. உங்க வீட்டுக்காரருக்கு என்ன காதும்மா!"

பாட்டு முழுக்க அவர் முதுகில் தாளம் தட்டித் தட்டிச் சிவந்துபோன விரல்களால் கணவரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள் தையல்காரம்மா. நெசவாலை இரைச்சலில் நாலு வருஷத்துக்கு முன்பே இரண்டு காதும் போய்விட்ட அந்த மனுஷர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, உதட்டை மட்டும் நிதானமாக அசைத்துச் சொன்னாள்: "உங்க காது பிரமாதமாம்!"