பெட்டியில் எழுதாத ஊர்

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கென்று கொடுத்த வீட்டின் வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. உள்ளே, தகரப் பெட்டியின் முன்னால் தெய்வானைப்பிள்ளை வெள்ளைச் சாயம் தோய்ந்த தூரிகையோடு குந்தியிருக்கிறாள். கிராணியாக இருந்த கணவர் சரவணமுத்துவின் முப்பத்தோராம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்தது; இன்று வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூடியில் அவர் பெயருக்குக் கீழே இருந்த தோட்டத்தின் பெயரை மண்ணெண்ணெய் போட்டு அழித்துவிட்டாள். அந்த இடம் ஈரமாய் மினுங்குகிறது. புதுக் கிராணியின் மனைவி திரை தைக்கச் சன்னலைக் கயிறு பிடித்து அளக்கிறாள், இவள் பக்கம் திரும்பாமலே. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தெய்வானைப்பிள்ளையின் மடியில் இரண்டு கடிதங்கள், இரண்டும் கோலாலம்பூரிலிருந்து வந்தவை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தம்பி எழுதியிருக்கிறான்: "அக்கா, உங்களுக்குச் செந்தூல்தான் தோது. வாடகை குறைவு, அண்ணையும் பக்கத்திலை." செந்தூலில் இருக்கும் அண்ணன் எழுதியிருக்கிறார்: "தங்கச்சி, உனக்குப் பிரிக்பீல்ட்ஸ்தான் நல்லது. கோயில் கிட்ட, தம்பி பார்த்துக்கொள்ளுவான்." வேறு ஏதாவது ஒரு வரி இருக்குமோ என்று அவள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பால்மரங்களுக்கு மேலே வெயில் ஏறுகிறது. வண்டிக்கார மாயாண்டி வாசலில் நின்று, "ரயிலுக்கு நேரமாச்சும்மா. எந்த இடம்னு எழுதிட்டீங்கன்னா பெட்டியத் தூக்கிரலாம்," என்கிறான். மகள் கமலம் புது ரிப்பனோடு ஓடி வந்து அவள் தோளில் சாய்கிறாள்.

"அம்மா, எந்த மாமா எங்களை வரச்சொன்னவர்?"

சன்னலோரத்தில் கயிறு அப்படியே நின்றுவிடுகிறது. தூரிகையில் சாயம் காய்ந்துவிட்டது.